4கே ஸ்ட்ரீமிங்: சென்னை வீட்டு ஹாலில் கொடுக்கிற காசுக்குத் தகுமா?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 55 அங்குலம் அல்லது அதற்கு மேல் டிவி, ஏழு எட்டு அடிக்குள் சோபா, டிவி வரைக்கும் லேன் ஒயர், ஓரளவு பிரகாசமான பேனல். இந்த நாலும் இருக்கிற வீட்டில் 4கே தகும். இதில் இரண்டு இல்லையென்றால் 1080பி, அதாவது ஃபுல் எச்டி திட்டமே போதும். மிச்சமாகிற பணத்தில் ஒரு நல்ல சவுண்ட்பார் வாங்குங்கள், வித்தியாசம் அன்றைக்கே தெரியும்.

தூரக் கணக்கில் இருந்து தொடங்கலாம், ஏனென்றால் டிவி கடையில் இதை யாரும் சொல்வதில்லை. 4கே திரையில் 3840 × 2160, அதாவது ஏறக்குறைய 83 லட்சம் புள்ளிகள். ஃபுல் எச்டியில் சுமார் 21 லட்சம். நாலு மடங்கு என்பது உண்மைதான். ஆனால் பார்வை சரியாக இருக்கிற கண்ணால்கூட ஒரு பாகையின் 60-ல் ஒரு பங்குக்குக் கீழே இருக்கிற நுணுக்கத்தைப் பிரித்துப் பார்க்க முடியாது. அந்தக் கணக்கில், 55 அங்குல டிவியில் ஏழு அடிக்கு அப்பால் உட்கார்ந்தால் 1080பி புள்ளிகளே ஒன்றோடு ஒன்று கலந்துவிடும். அதைவிடப் பொடிப் புள்ளிகளால் பயனில்லை. 43 அங்குலத்துக்கு அந்த எல்லை ஐந்தரை அடி, 65 அங்குலத்துக்கு எட்டரை அடி. சென்னையில் சாதாரண இரண்டு படுக்கையறை ஃபிளாட்டின் ஹால் பத்து, பதினோரு அடி அகலம். ஒரு சுவரில் டிவி, எதிர்ச்சுவரில் சோபா என்றால் கண்ணுக்கும் திரைக்கும் நடுவே எட்டு ஒன்பது அடி. அங்கே 43 அங்குல டிவியை வைத்துக்கொண்டு 4கே சந்தா கட்டுகிறவர்கள் புள்ளிக்காகக் கட்டுகிற பணம் முழுக்க வீண்.

அப்படியும் 4கே திட்டத்துக்கு மாறினால் படம் நன்றாக இருப்பதாகப் பலர் சொல்கிறார்கள். அது பிரமை இல்லை. இரண்டு காரணம் உண்டு. ஒன்று, பிட்ரேட், அதாவது ஒரு நொடிக்கு அனுப்புகிற டேட்டாவின் அளவு. 1080பிக்குச் சில எம்பிபிஎஸ் மட்டுமே அனுப்புகிற சேவை, 4கேக்கு 15 எம்பிபிஎஸ் அளவில் அனுப்புகிறது. இருட்டான காட்சியில் இது பளிச்சென்று தெரியும்: இரவு வானம், புகை, சுவரில் விழுகிற விளக்கொளி போன்ற இடங்களில் நிறம் சீராக மாறாமல் பட்டை பட்டையாக, படிக்கட்டு மாதிரி நிற்கும். பிட்ரேட் கூடினால் அந்தப் பட்டைகள் குறையும். இரண்டாவது, எச்டிஆர், அதாவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டுகிற முறை. நெட்ஃபிளிக்ஸில் எச்டிஆர், அதன் ஒரு வகையான டால்பி விஷன், சுற்றொலி தருகிற அட்மாஸ் எல்லாம் பிரீமியம் திட்டத்தோடு மட்டும்தான் வரும். கண்ணில் படுகிற முன்னேற்றத்தில் பாதிக்கு மேல் இதிலிருந்து வருவது என்பது என் கணிப்பு.

எச்டிஆரில்தான் மலிவு டிவிகள் ஏமாற்றுகின்றன. படங்களின் இறுதிப் பிரதியை 1000 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அளவு) வெளிச்சத்துக்கு மாஸ்டர் செய்கிறார்கள், சிலதை 4000 வரைக்கும். நம் ஊரில் அதிகம் விற்கிற விலை குறைந்த பேனல்கள் 250, 300 நிட்ஸோடு நின்றுவிடும். டிவி அந்த வெளிச்சத்தை அமுக்கிக் காட்டுவதால் படம் சாதாரண எச்டியைவிட இருட்டாகத் தெரியும். பகலில் பால்கனிக் கதவைத் திறந்துவைத்தால் முகமே தெரியாது. டிவி பழுது என்று மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன் இதைப் பாருங்கள்: ஒரு எச்டிஆர் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே படச் செட்டிங்குக்குள் போய், பேக்லைட் முழு அளவில் இருக்கிறதா, மின்சேமிப்பு முறையும் வெளிச்ச சென்சாரும் அணைந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். எச்டிஆருக்குத் தனிச் செட்டிங் என்பதால் சாதாரணச் சேனல் ஓடும்போது மாற்றினால் ஒட்டாது. டால்பி விஷனில் இருட்டறைக்கு ஒரு முறை, வெளிச்சமான அறைக்கு ஒரு முறை என்று இரண்டு இருக்கும். பகலில் இரண்டாவதை வையுங்கள். புதிதாக வாங்குவதாக இருந்தால் 500, 600 நிட்ஸுக்குக் கீழே எச்டிஆரை நம்பிக் காசு போட வேண்டாம்.

இனி ஒயர். வருஷக்கணக்கில் பயன்படுத்துகிறவர்களுக்குத் தலைவலி பெரும்பாலும் இங்கேதான். ஃபைபர் மாடிப்படி வழியாக ஏறி வருவதால், இணைப்பு தருகிறவர்கள் ஃபைபர் வந்து சேருகிற ஓஎன்டி பெட்டியை வாசல் கதவுக்கு மேலேயே மாட்டிவிட்டுப் போவார்கள். டிவி மறுகோடியில் இருக்கும். நடுவில் ஒன்பது அங்குலச் செங்கல் சுவரும் கான்கிரீட் தூணும். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அதைத் தாண்டுவதற்குள் தேய்ந்துவிடும்; டிவி 2.4க்கு இறங்கிவிடும். அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். அடுக்குமாடியில் எல்லா வீட்டு ரவுட்டரும் அந்த மூன்றுக்குள் நெருக்கியடிக்கும். இரவு ஒன்பது மணிக்கு 300 எம்பிபிஎஸ் திட்டம் வைத்திருக்கிற வீட்டிலும் படம் மங்கித் தெளிவது பெரும்பாலும் இதனால்தான். மாதாமாதம் அதிக வேகத்துக்குக் காசு கொடுப்பதைவிட ஒரே ஒருமுறை 15, 20 மீட்டர் கேட் 6 வகை லேன் ஒயர் இழுப்பது நல்லது.

ஒயரை எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் வாங்குங்கள், ஆனால் செம்பு பூசிய அலுமினிய ஒயரைத் தலையில் கட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சோதிப்பது எளிது: உள்ளே இருக்கிற ஒரு இழையின் பிளாஸ்டிக்கை உரித்து பிளேடால் சுரண்டினால், சுத்தச் செம்பு உள்ளேயும் செம்பாகவே இருக்கும், போலி வெள்ளையாக மின்னும். அலுமினியம் சில முறை வளைத்தால் ஒடிந்துவிடும், கடற்காற்றில் சீக்கிரம் அரித்தும் போகும். கிரிம்ப் செய்யும்போது, அதாவது ஒயர் முனையில் பின்னை (ஆர்ஜே45 பிளக்) அழுத்திப் பொருத்தும்போது, பின்னின் தகடு மேலே பார்த்தபடி இடமிருந்து வலம்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். இரண்டு முனையிலும் இதே வரிசை. ஜோடி முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்க வேண்டாம், வெளிப்புற உறை பின்னுக்குள் போய் உட்கார வேண்டும். கரண்ட் ஒயர் போகிற அதே கேசிங்கில் இதை நுழைக்க வேண்டாம்.

இணைத்த பிறகு டிவியில் வேகம் 94 எம்பிபிஎஸ் என்று காட்டினால் பதற வேண்டியதில்லை. பெரும்பாலான டிவிகளின் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ் வகைதான். ஸ்ட்ரீமிங்குக்குத் தேவைப்படுகிற 15 முதல் 25க்கு அது தாராளம். வீட்டு சர்வரில் இருந்து 4கே புளூரே பிரதிகளை ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் அது போதாது, ஏனென்றால் அந்தத் தட்டுகளில் பிட்ரேட் 100ஐத் தாண்டும் இடங்கள் உண்டு. பெசன்ட் நகர், திருவான்மியூர், எண்ணூர் மாதிரிக் கடலோரப் பகுதிகளில் பின்னின் தகடு மங்கி இணைப்பு விட்டுவிட்டு வரும்; ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றி மாட்டினால் பாதிப் பிரச்சினை தீரும்.

இணைய வேகத்தைப் பொறுத்தவரை ஒரு டிவியும் நாலு போனும் இருக்கிற வீட்டுக்கு 50 எம்பிபிஎஸ் போதும், இரண்டு 4கே டிவி என்றால் 100. அதற்கு மேல் போனால் படம் இம்மியும் கூடாது. டேட்டா மணிக்குச் சுமார் 7 ஜிபி. தினம் நாலு மணி நேரம் பார்த்தால் மாதம் 840 ஜிபி. 3.3 டிபி வரம்புள்ள திட்டங்களில் இது ஒரு பொருட்டே இல்லை.

வேகத்தை மத்தியானம் சோதிப்பதில் பயனில்லை. இரவு ஒன்பதரைக்குச் சோதியுங்கள். ஃபாஸ்ட் டாட் காம் நெட்ஃபிளிக்ஸின் சொந்த சர்வர்களில் இருந்து அளக்கிறது. அதில் குறைவாகவும் மற்ற சோதனைகளில் அதிகமாகவும் வந்தால், கோளாறு உங்கள் வீட்டில் இல்லை. இணைய நிறுவனத்துக்கும் ஸ்ட்ரீமிங் சேவைக்கும் நடுவே இருக்கிற வழியில். திட்டத்தை உயர்த்தினால் அது சரியாகாது, நிறுவனத்தை மாற்றினால்தான் சரியாகும்.

ஓஎன்டியின் அட்மின் பக்கத்தில் ஆப்டிக்கல் பவர் என்று, ஃபைபரில் வருகிற ஒளியின் பலத்தைக் காட்டும் ஒரு எண் இருக்கும். இணைப்பு புதிதாக வந்த அன்றே அதைக் குறித்துவையுங்கள். -15 முதல் -25 டிபிஎம் வரை நல்லது, -27ஐ நெருங்கினால் ஆபத்து. சென்னையில் ஃபைபர் கம்பத்துக்குக் கம்பம் தொங்குகிறது. ஐப்பசி, கார்த்திகை மழைக்காற்றில் அறுபடும், ஆற்காடு சாலை மாதிரி மெட்ரோ வேலை நடந்த இடங்களில் தோண்டும்போதும் அறுபடும். ஒட்டுப் போடப் போட எண் இறங்கும். ஓஎன்டியில் லாஸ் (எல்ஓஎஸ்) விளக்கு சிவப்பாக மின்னினால் ஒளியே வரவில்லை. அது மின்னாமல் படம் மட்டும் தடுமாறினால் இந்த எண்ணைச் சொல்லிப் புகார் கொடுங்கள். "நெட் ஸ்லோ" என்று சொல்வதைவிட வேலை சீக்கிரம் நடக்கும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் 4கே வராமல் போகலாம். பழைய சவுண்ட்பார் அல்லது ரிசீவர் வழியாக ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கை (ஃபயர் டிவி ஸ்டிக் மாதிரி) இணைத்திருந்தால் அந்த சவுண்ட்பாரோ ரிசீவரோ எச்டிசிபி 2.2 என்கிற திருட்டுப் பிரதித் தடுப்பு வகையா என்று பாருங்கள். சங்கிலியில் ஒரு கருவி பழையதானாலும் சேவை எச்டிக்கு இறங்கிவிடும். ஸ்டிக்கை நேராக டிவியில் செருகி, ஒலியை மட்டும் ஏஆர்சி, அதாவது டிவியின் ஒலியைத் திருப்பி அனுப்புகிற எச்டிஎம்ஐ போர்ட் வழியாக சவுண்ட்பாருக்கு அனுப்பலாம். ஸ்ட்ரீமிங்கில் வருகிற அட்மாஸுக்குச் சாதாரண ஏஆர்சி போதும், அதன் புதிய வகையான ஈஏஆர்சி வேண்டியதில்லை. டிவியின் எச்டிஎம்ஐ செட்டிங்கில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனித்தனியாக யுஎச்டி நிறம் அல்லது மேம்பட்ட முறையை ஆன் செய்ய வேண்டும்; அது இல்லாவிட்டால் எச்டிஆர் வராது. ஸ்டிக்குக்கு டிவியின் யுஎஸ்பியில் இருந்து கரண்ட் கொடுக்காதீர்கள், பாதியில் ரீஸ்டார்ட் ஆகும். கூடவே வந்த அடாப்டரையே போடுங்கள். பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பெட்டிகளில், உயர்தரப் படம் ஓடத் தேவையான வைட்வைன் எல்1 என்கிற பாதுகாப்புச் சான்று இருக்காது. அட்டையில் 4கே என்று எழுதியிருந்தாலும் நெட்ஃபிளிக்ஸ் 480பியில்தான் ஓடும்.

தமிழ்ப் படம் மட்டும் பார்க்கிற வீடுகளுக்கு ஒன்று. நம் படங்கள் பலவற்றுக்கு இறுதி மாஸ்டர் 2கேயில், அதாவது ஏறக்குறைய ஃபுல் எச்டி அளவில்தான் முடிகிறது. அதைப் பெரிதாக்கி 4கே என்று கொடுத்தால் புதிய நுணுக்கம் எதுவும் வராது. பல படங்கள் எச்டியில் மட்டுமே இருக்கின்றன. ஆகவே சந்தா கட்டுவதற்கு முன், நீங்கள் வழக்கமாகப் பார்க்கிற பத்துப் படங்களின் பக்கத்தில் யுஎச்டி (4கே) முத்திரை இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

கிரிக்கெட்டில் புள்ளியைவிட ஃபிரேம் முக்கியம். நம் நாட்டு ஒளிபரப்பு 50 ஹெர்ட்ஸ் வகை, அதாவது நொடிக்கு 50 முறை படம் மாறும். ஸ்டிக் 60 ஹெர்ட்ஸில் நின்றால் பந்து தத்தித் தத்திப் போகும். ஃபிரேம் ரேட்டைப் பொருத்து என்ற செட்டிங்கை ஆன் செய்தால் சரியாகும். நேரலை கேபிளைவிடச் சில பல நொடி பின்தங்குவதை மட்டும் எந்தச் செட்டிங்காலும் மாற்ற முடியாது. சிஎஸ்கே ஆடும் நாளில் பக்கத்து வீட்டுச் சத்தம் முதலில் கேட்டுவிடும். படங்களுக்கு ஃபிலிம்மேக்கர் முறையை வையுங்கள். இல்லையென்றால் மோஷன் ஸ்மூத்திங் சினிமாவைச் சீரியல் போல ஆக்கிவிடும்.

விலைக்கு வருவோம். நெட்ஃபிளிக்ஸில் 1080பி திட்டம் ரூ.499, 4கே ரூ.649, வருஷத்துக்கு 1800 ரூபாய் வித்தியாசம். பிரைம் வீடியோவில் முழுச் சந்தாவுக்குள்ளேயே 4கே அடக்கம், லைட் திட்டத்தில் கிடையாது. ஆப்பிள் டிவி சேவையின் மாதம் 99 ரூபாயில் 4கேயும் டால்பி விஷனும் சேர்ந்தே வருகின்றன, பிட்ரேட்டும் தாராளம். உங்கள் டிவி எவ்வளவு தாங்கும் என்று பார்க்க ஒரு மாதம் அதைப் போட்டுப் பார்ப்பதுதான் மலிவான வழி.

நெட்ஃபிளிக்ஸில் உயர்ந்த திட்டத்துக்கு மாறினால் உடனே அமலாகும். இறக்கினால் அடுத்த பில் தேதியில் இருந்துதான். எனவே ஒரு மாதம் பிரீமியம் எடுத்து, வழக்கமாக உட்காரும் இடத்தில் இருந்தே, ஏற்கெனவே 1080பியில் பார்த்த ஒரு இருட்டுக் காட்சியைப் போடுங்கள். வீட்டில் யாரிடமும் முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். யாரும் எதுவும் கேட்கவில்லை என்றால் பில் தேதிக்கு முன்னால் ரூ.499க்கு இறக்கிவிடுங்கள்.