மழைக்கால ஓவராயிலிங் என்ற பெயரில் வெறும் கழுவல்: சைக்கிள் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்

மழை தொடங்குமுன் சைக்கிளை ஓவராயிலிங்குக்கு, அதாவது பாகங்களைக் கழற்றித் துடைத்துச் சரிசெய்யும் வேலைக்கு, விடுவது நல்ல வழக்கம். அந்த வழக்கத்தை வைத்தே ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். முழு ஓவராயிலிங்குக்குப் பணம் வாங்கிக்கொண்டு, தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, எண்ணெயை அடித்துப் பளபளப்பாக்கி என் சைக்கிளைத் திருப்பிக் கொடுத்தார்கள். உள்ளே ஒரு நட்டுகூடத் திறக்கப்படவில்லை. பணம் போனது ஒருபுறம் இருக்கட்டும். பிரேக்கில் அவர்கள் செய்துவைத்த வேலை என்னைக் கீழே தள்ளியிருக்கும்.

ரசீதில் எழுதியிருந்தவை இவை: இரண்டு சக்கரங்களின் ஹப் (அச்சைச் சுற்றியுள்ள நடுப்பகுதி), பெடல் அச்சு, ஹேண்டில் ஆகியவற்றின் பேரிங்குகளைக் கழற்றித் துடைத்துப் புதுக் கிரீஸ் வைத்தல், பிரேக் கட்டைகள் மாற்றுதல், செயினைக் கழற்றிக் கழுவி எண்ணெய் விடுதல், ரிம் கோட்டம் எடுத்தல். வண்டியை எடுத்தபோது புதிதுபோல் மின்னியது. செயின் சத்தமில்லாமல் ஓடியது. திரும்பி வந்த வழி முழுவதும் சமதளம் என்பதால் பிரேக்கை அழுத்திப் பிடிக்க வேண்டிய தேவையே வரவில்லை.

மறுநாள் மழை. ஒரு சரிவில் இறங்கும்போது இரண்டு பிரேக்கையும் பிடித்தேன். ஈரத்தில் ரிம் பிரேக் உடனே பிடிக்காது என்பது மழையில் ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும். கட்டை முதலில் ரிம்மில் இருக்கும் நீரை வழித்தெறிய வேண்டும். அதற்குச் சக்கரம் சில சுற்றுகளாவது சுற்ற வேண்டும். அதன் பிறகுதான் பிடி கிடைக்கும். அதற்காகவே முன்கூட்டியே பிடித்திருந்தேன். சக்கரம் சுற்றிக்கொண்டே போனது, பிடி வரவேயில்லை. காலைத் தரையில் தேய்த்து, சாலையோர மண்மேட்டில் ஏற்றித்தான் நிறுத்த முடிந்தது.

இறங்கி ரிம்மைத் தொட்டுப் பார்த்தேன். மழைநீர் அதில் பரவாமல் துளித்துளியாகத் திரண்டு நின்றது. விரலில் பிசுபிசுப்பு. செயின்மீது அடித்த தெளிப்பு எண்ணெய் பின் ரிம்மில் படிந்திருந்தது. பளபளப்புக்காக அடித்தது முன் ரிம்மிலும் இருந்தது. பிரேக் கட்டையைக் கழற்றித் திருப்பினேன். அதே பழைய கட்டை. இறுகிக் கெட்டியான ரப்பர், அதில் ரிம்மிலிருந்து பெயர்ந்த அலுமினியத் துணுக்குகள் பொடிப்பொடியாகப் பதிந்து கிடந்தன. மழையில் மணலும் சேறும் சேர்ந்துகொண்டால் இந்தத் துணுக்குகளே ரிம்மை அராவிவிடும். ஊசியால் நெம்பி எடுத்தாலே பாதி வேலை முடிந்திருக்கும். அதைக்கூடச் செய்யாதவர், மாற்றிவிட்டதாக எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார்.

கடைக்குப் போய்க் கேட்டேன். “மழையில் ஓட்டினால் எந்தப் பிரேக்கும் அப்படித்தான் சார் இருக்கும்” என்றார். கட்டையைக் காட்டினேன். “இதுதான் சார் புதியது” என்றார், தேய்ந்து பள்ளம் மறைந்துபோன கட்டையைக் கையில் வைத்துக்கொண்டே. பணத்தைத் திருப்பித் தரவில்லை.

வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய், எனக்கு எதிரிலேயே முன் ஹப்பைத் திறக்கச் சொன்னேன். ஸ்பேனரை வைப்பதற்கு முன்பே அவர் லாக் நட்டைச் சுட்டிக்காட்டினார். நட்டுக்கும், அது பூட்டி வைக்கும் கோனுக்கும் (பேரிங் குண்டுகள் ஓடும் கூம்பு வடிவ நட்டு) நடுவில் பழைய அழுக்கு விரிசல்கூட விடாமல் வளையமாக இறுகியிருந்தது. திறந்த ஹப்பில் இப்படி இருக்காது, நட்டைத் திருப்பியதுமே அந்த வளையம் உடைந்துவிடும் என்றார். பிறகு கழற்றினார். கிரீஸ் வெளுத்துக் கூழாகியிருந்தது. அச்சை இழுத்ததும் நீர் சொட்டியது. பக்கத்துக்கு 10 வீதம், 3/16 அங்குலப் பால்ரஸ் குண்டுகள். பளபளப்புப் போய்ப் பல மங்கிக் கிடந்தன. கோனில் அவை ஓடும் தடத்தில் நகம் இடறும் அளவுக்குக் குழி. அந்தக் குழி பல காலத் தேய்மானம். ஹப்பைத் திறந்திருந்தால் கண்ணில் படாமல் போயிருக்காது. நீர் மட்டும் புதிது, அதைக் கொண்டுவந்தது அந்தக் கழுவல்தான்.

இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஹப்பின் தூசிமூடி சாலையிலிருந்து தெறிக்கும் நீரைத் தடுப்பதற்கானது. அழுத்தக் குழாயின் பீய்ச்சலை அது தாங்காது. நீர் உள்ளே புகுந்து கிரீஸோடு கலந்துவிடும், வெளியே வர வழியில்லாமல் அங்கேயே துருவைப் பிடிக்க வைக்கும். பெடல் அச்சுக்கும் ஹேண்டில் பேரிங்குக்கும் இதே கதிதான். அவர்கள் கழுவாமலே விட்டிருந்தால் என் சைக்கிள் இன்னும் நல்ல நிலையில் இருந்திருக்கும். வாளித் தண்ணீரும் பிரஷும் துணியும் போதும். பேரிங் பக்கம் குழாயைக் கொண்டுபோகிற கடையில் சைக்கிளை விடாதீர்கள்.

செயினிலும் ஏமாற்றுதான். மெல்லிய தெளிப்பு எண்ணெய் துருவை இளக்கவும் ஈரத்தை விலக்கவும் பயன்படும். ஆனால் செயின் தேய்வது வெளியே தெரியாத இடத்தில், பின்னும் இணைப்பும் உரசும் உள்பக்கத்தில். அங்கே இருந்த கெட்டியான எண்ணெயையும் இந்தத் தெளிப்பு கரைத்து வெளியேற்றிவிடுகிறது. ஓரிரு நாள் சத்தமே இருக்காது, அதனால் வேலை நன்றாக நடந்ததாகத் தோன்றும். அடுத்தடுத்த மழையில் செயின் செந்நிறமாகும். மழைக்கென்றே கெட்டியான செயின் எண்ணெய் விற்கிறார்கள். உலர்ந்த செயினில் ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு விட்டு, சிறிது நேரம் ஊற வைத்து, வெளிப்பக்கத்தைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட வேண்டும். வெளியே தங்கும் எண்ணெய் மண்ணைத்தான் பிடிக்கும்.

செயினை மாற்ற வேண்டும் என்று கடைக்காரர் சொன்னால், ஓர் இரும்பு அளவுகோலை எடுத்து நீங்களே அளந்து பாருங்கள். ஒரு பின்னின் மையத்தைச் சுழியத்தில் வைத்தால், அதிலிருந்து 24-ஆவது பின்னின் மையம் 12 அங்குலத்தில் நிற்க வேண்டும். 1/16 அங்குலம் தள்ளிப்போயிருந்தால் செயினை மாற்றலாம். 1/8 அங்குலம் தள்ளியிருந்தால் பல்சக்கரமும் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். இந்த அளவை எடுத்துக்காட்டாமல் மாற்றச் சொல்கிறவரின் பேச்சை நம்ப வேண்டியதில்லை.

இப்போது நான் வண்டியை விடுமுன் லாக் நட்டிலும் கோனிலும் சேர்த்து மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுகிறேன். திறந்து மூடியிருந்தால் கோடு நேர்படுவது அரிது. கழற்றிய பழைய உதிரிகளைத் திருப்பித் தர வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேர்மையான மெக்கானிக் யாரும் இதற்கு முகம் சுளித்ததில்லை. எடுக்கும்போது சக்கரத்தை மட்டும் கழற்றச் சொல்லி, அச்சை விரல்களால் உருட்டிப் பார்க்க வேண்டும். கரகரப்பு இருந்தால் உள்ளே குழியோ மண்ணோ இருக்கிறது. கடைசியாக வெள்ளைத் துணியால் ரிம்மின் இரு பக்கங்களையும் ஒரு சுற்றுத் துடைத்துப் பாருங்கள். சாம்பல் நிற அழுக்கு வந்தால் கவலையில்லை, அது தேய்மானத் தூள். துணி எண்ணெய்ப் பசையோடு மின்னினால் அங்கேயே துடைத்துத் தரச் சொல்லுங்கள்.

டிஸ்க் பிரேக் வைத்திருப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் பெரிது. டிஸ்க் தகட்டில் எண்ணெய் பட்டால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து எடுத்துவிடலாம். தகட்டை அழுத்திப் பிடிக்கும் பேட் எண்ணெயை உறிஞ்சிவிட்டால் பெரும்பாலும் அதை மாற்றத்தான் வேண்டியிருக்கும். தெளிப்பு எண்ணெய் டப்பாவைக் கையில் எடுக்கிறவரிடம், சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டு அடிக்கச் சொல்லுங்கள்.

அண்மையில் எங்காவது இப்படி மின்ன மின்ன சர்வீஸ் செய்து எடுத்திருந்தால், அடுத்த மழைக்குக் காத்திருக்காமல் இன்றே வண்டியை உருட்டிக்கொண்டு நடந்தபடி முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் தனித்தனியே பிடித்துப் பாருங்கள். பிறகு ரிம்மில் தண்ணீர் ஊற்றி இன்னொரு முறை. முன் பிரேக் பிடித்தால் சில அடிகளுக்குள் பின்சக்கரம் தரையிலிருந்து எழும்ப வேண்டும். எழும்பாமல் வழுக்கிக்கொண்டே வந்தால், கட்டையைக் கழற்றிப் பார்க்கும்வரை அதை ஓட்டாதீர்கள்.