பட்டப்பகலில் எரிந்த டியூப் லைட்: ஒரு ரெண்டரிங் மென்பொருளுடன் மூன்று ஆண்டுகள்

ஏற்காட்டில் எஸ்டேட் வீடுகளும் தங்கும் விடுதிகளும் கட்டித்தரும் பொறியாளர் நண்பர் ஒருவர், கட்டப்போகும் வீட்டை முன்கூட்டியே படமாக்கிக் காட்ட நான் பயன்படுத்தும் ரெண்டரிங் மென்பொருளின் ஆண்டுச் சந்தா குறைந்திருப்பதைச் சொல்லி, வாங்கலாமா என்று சென்ற வாரம் கேட்டார். தொலைபேசியில் "தாராளமா வாங்குங்க" என்று சொல்லிவிட்டு, அன்றிரவே மனம் மாறி, "கொஞ்சம் பொறுங்க" என்று செய்தி அனுப்பினேன். இரண்டு பதில்களுக்கும் காரணம் இருக்கிறது. ஸ்கெட்ச்அப் என்ற முப்பரிமாண வரைவு மென்பொருளில் எழுப்பிய வீட்டுக்கு இதில் வண்ணமும் மினுக்கமும் ஏற்றிப் புகைப்படம் போல எடுப்பது எப்படி என்பது அவருக்குத் தெரியும் என்பதால், அந்தக் கதையை இங்கே விட்டுவிடுகிறேன்.

நல்லதை முதலில் சொல்ல வேண்டும். சேலத்தின் அட்சரேகை 11.65, தீர்க்கரேகை 78.15 என்று பதிந்து, மனையின் வடக்கையும் சரியாகத் திருப்பிவிட்டால், சூரியனை உரிய இடத்தில் நிறுத்தும் விஷயத்தில் இந்த மென்பொருளிடம் குறை காண முடியாது. ஏப்ரல் 20 வாக்கில் நம் உச்சந்தலைக்கு நேராக வரும் சூரியன், ஆகஸ்ட் 22 வாக்கில் மறுபடி தலைக்கு நேராகத் திரும்பும் வரை, நண்பகலில் வடக்கே சாய்ந்துதான் நிற்கிறது. வடக்குச் சுவரில் வெயிலே படாது என்று நம்பிச் சன்ஷேடில் சிக்கனம் பிடிக்கும் வீட்டுக்காரர்களிடம் இதை வாயால் சொன்னால் ஏற்கமாட்டார்கள். திரையில் மணிக்கு மணி நிழலை ஓட்டிக் காட்டினால் பேச்சை நிறுத்திவிடுவார்கள். இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகையை வைத்துக் கணிக்கப்படுவதால், ஜூன் கடைசியில் சேலத்தில் உண்மையான உச்சிவேளை 12.20ஐ ஒட்டித்தான் வருகிறது. சூரமங்கலத்தில் நான் கட்டிய ஒரு வீட்டில், அந்த நேரத்துக்கே போய் டேப்பை வைத்து அளந்தேன். இரண்டடி நீண்ட மாடிச் சன்ஷேடின் நிழல் ஒன்பதடிக்கும் மேலாகச் சுவரில் இறங்கியிருந்தது. திரையில் கண்ட கோட்டுக்கும் அதற்கும் ஒரு சாண்கூட வித்தியாசம் இல்லை. அன்றைக்குக் கேட்டிருந்தால் இந்த மென்பொருளுக்குக் கோயிலே கட்டியிருப்பேன்.

கோபம் வருவது, அதே வெளிச்சம் வீட்டுக்குள் நுழைந்த பிறகு. ஒளி சுவரில் பட்டு, தரையில் தெறித்து, கூரையைத் தொட்டுக் குறைந்துகொண்டே போகும் கணக்கையும் அது ஒழுங்காகவே போடுகிறது. 1986ல் கணினி வரைகலை ஆய்வாளர் ஜேம்ஸ் கஜியா வெளியிட்ட ரெண்டரிங் சமன்பாட்டிலிருந்து கிளைத்து வந்த கணக்கு அது. ஆனால் கணக்கு முடிந்ததும், ஆட்டோ எக்ஸ்போஷர் என்ற ஒன்று குறுக்கே வந்து, இருண்ட அறையைத் தானாகவே தூக்கி வெளுப்பாக்கிவிடுகிறது. எக்ஸ்போஷரில் ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு; வெளியே காயும் வெயிலுக்கும் நடுக்கூடத்துக்கும் இடையே எட்டு ஸ்டாப் தூரம் இருப்பது நம் ஊர் வீடுகளில் அதிசயம் அல்ல, அதாவது 256 மடங்கு. அந்த 256ஐச் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டு, திரையில் பால் போன்ற கூடத்தைக் காட்டுகிறது.

அம்மாபேட்டையில் பதினெட்டடி அகல மனை ஒன்று. இரண்டு பக்கமும் அண்டை வீட்டுச் சுவர்கள் ஒட்டிக்கொண்டிருக்க, நடுக்கூடத்துக்கு வெளிச்சம் வர, மேலே வானம் தெரியத் திறந்துவிட்ட ஐந்தடிக்கு ஐந்தடி ஓ.டி.எஸ். ஒன்றுதான் வழி. கூடத்தின் படத்தைப் பார்த்த வீட்டுக்காரர், இவ்வளவு வெளிச்சம் இருக்கும்போது அதை மூன்றடியாக்கி, மிச்சத்தைச் சமையலறைக்குக் கொடுக்கலாமே என்றார். நானும் படத்தை நம்பிச் சுருக்கினேன். அந்தத் தவறில் பாதி என்னுடையது, மறுக்கவில்லை. பால் காய்ச்சிய மறுவாரம் காலை பதினொரு மணிக்குப் போயிருந்தேன். கூடத்தில் டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரரின் தாயார் காபியைக் கையில் கொடுத்துவிட்டு, "ஏனுங்க தம்பி, நீங்க குடுத்த படத்துல இந்த லைட்டு எரியவே இல்லீங்களே?" என்று கேட்டார். குத்திக்காட்டவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

ஆட்டோவை அணைத்துவிட்டு அளவைக் கையால் வைக்கலாம், வைக்கிறேன். ஆனால் புதிதாக ஒரு கேமரா கோணம் சேர்த்ததும், அந்தக் கோணத்தில் மட்டும் ஆட்டோ திரும்ப முளைத்துவிடுகிறது. மென்பொருள் நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டதற்கு, பயனரின் வசதிக்காகவே அப்படி வைத்திருக்கிறோம் என்று மூன்று ஆண்டுகளில் இரண்டு முறை ஒரே பதில் வந்தது. மேலும், நிழலான அறைகளில் படம் மணல் தூவியது போல வரும். அந்தப் புள்ளிகளைப் பாதியாகக் குறைக்க நான்கு மடங்கு ஒளிக்கதிர்களை அனுப்ப வேண்டியிருப்பதால், இருபது நிமிடப் படம் எண்பது நிமிடமாகிறது. புள்ளிகளைத் துடைத்தெடுக்கும் டீநாய்சரை ஓட்டித் தப்பிக்கலாம் என்றால், அது மொசைக் தரையின் சில்லுகளை எல்லாம் கரைத்துக் கூழாக்கிவிடுகிறது. மே மாத வெயிலில் இப்படி ஓட்டித்தான் கிராபிக்ஸ் கார்டின் விசிறி நின்றுபோய்ப் பழுதுக்குப் போனது. அதற்கு மென்பொருளைத் திட்டுவது நியாயமில்லை, இருந்தும் திட்டினேன்.

இப்போது ஒவ்வொரு கூடத்துக்கும் இரண்டு பிரிண்ட் எடுக்கிறேன்: ஒன்று ஆட்டோ, இன்னொன்று கண்ணுக்குத் தெரியப்போகும் அளவில் கையால் வைத்தது. சென்ற மாதம் ஒருவர் இரண்டாவதைப் பார்த்து, "இதென்னங்க, கரண்ட் போன வீடு மாதிரி இருக்குது" என்று ஒதுக்கிவிட்டு, முதல் படத்தையே வாட்ஸ்அப்பில் உறவினர்களுக்கு அனுப்பினார். ஓ.டி.எஸ்.ஸை மட்டும் ஐந்தடிக்குக் குறைய நான் விடவில்லை.

ஏற்காட்டு நண்பருக்கு வருகிறேன். அவர் கட்டுவது, கடல் மட்டத்திலிருந்து 1500 மீட்டர் உயரத்தில், காபித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களின் நிழலில். மூடுபனி இறங்கிவிட்டால் பிற்பகலிலேயே விளக்குப் போட வேண்டிய அறைகள் அவருடையவை. அங்கே இந்த மென்பொருள், மரப்பலகை அடித்த அறையைக்கூடச் சித்திரை மாதத்து மொட்டைமாடி போலக் காட்டும். படத்தை நம்பி முன்பதிவு செய்து வருகிறவர்களுக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால், விலை இன்னும் குறைந்தாலும் வேண்டாம் என்பதே என் பதில். நிழல் எங்கே விழும் என்று பார்க்க வேண்டுமானால் ஃபைலை எனக்கு அனுப்பட்டும், ஓட்டிக் காட்டுகிறேன். என் சந்தாவை நேற்றே புதுப்பித்துவிட்டேன்.