சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழக வாசிப்பறை: பென்சில் எடுத்துக்கொண்டு போங்கள்

ஊரிலிருந்து மாமனார் வந்திருந்தார். ஸ்பேஸ் நீடில், பைக் பிளேஸ் மீன்கடை எல்லாம் முதல் வாரத்திலேயே முடிந்துவிட்டது, அதற்கப்புறம் எங்கே கூட்டிப்போவது என்று தெரியவில்லை. மனிதர் பாங்க்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், முப்பது வருஷம் தொழிற்சங்கத்தில் கிடந்தவர், கோயிலைவிடப் பழைய நோட்டீஸ்களைத்தான் ஆர்வமாகப் பார்ப்பார். சரி என்று வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பழைய காகிதங்களைப் பாதுகாத்து வைத்திருக்கிற சிறப்புத் தொகுப்பு வாசிப்பறைக்குக் கூட்டிப்போனேன். ஆலன் நூலகத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. இந்த ஊரில் காசு கொடுக்காமல் ஒரு நாளை இதைவிட நன்றாகக் கழிக்க முடியாது என்பது என் கட்சி.

மாணவராக இருக்க வேண்டியதில்லை, யார் வேண்டுமானாலும் போகலாம். ஆனால் நினைத்தவுடன் போய் நிற்க வேண்டாம், வேண்டிய காகிதங்கள் உள்ள பெட்டி எது என்று இணையத்தில் பார்த்து முன்னாலேயே கேட்டு வைத்துவிடுங்கள். பையை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், பேனா கூடாது, பென்சில் மட்டும். மாமா சட்டைப்பையிலிருந்து இரண்டு பேனாக்களைச் சுங்கச்சாவடியில் ஒப்படைப்பதுபோல் ஒப்படைத்தார்.

நாங்கள் கேட்டது புரூசே பெக் என்பவரின் காகிதங்கள். 1919, 1920 வருஷத்தவை. பெக் அப்போது பான் மார்ஷே என்ற பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோரின் மேலாளர். ஊர்க்காரர்கள் செல்லமாக 'பான்' என்பார்கள், நம் ஆட்களுக்கு மேசீஸ் என்றால் தெரியும், பிற்காலத்தில் அதுவாகத்தான் மாறியது. 1919 பிப்ரவரி 6 காலை 10 மணிக்கு சியாட்டிலில் பொது வேலைநிறுத்தம் தொடங்கியது. சம்பள உயர்வு கேட்டு ஜனவரி 21 முதலே வெளியே நின்ற கப்பல் கட்டும் தொழிலாளர்களுக்கு ஆதரவாக மற்ற சங்கங்களும் இறங்க, சுமார் 65,000 பேர் வேலைக்குப் போகவில்லை. குழந்தைகளுக்குப் பால் கிடைக்கச் சங்கங்களே ஏற்பாடு செய்தன, பொதுச் சமையலறைகளில் சாப்பாடு போட்டார்கள், ஆயுதம் இல்லாத முன்னாள் படைவீரர்கள் தெருவில் ரோந்து போனார்கள். ஐந்தாறு நாளில் அடங்கிவிட்டது. ஆனால் ஊர் முதலாளிகளுக்கு வந்த பயம் அவ்வளவு சீக்கிரம் அடங்கவில்லை. பெக் என்ன செய்தார் என்றால், கூலிக்கு ஆள் பிடித்துச் சங்கக் கூட்டங்களுக்குள் அனுப்பினார். அவர்கள் எழுதிக் கொடுத்த அறிக்கைகள்தான் இந்தக் காகிதங்கள்.

எழுதியவருக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். ஏஜென்ட் 106 என்று ஒருவர். இன்ன தேதி, இன்ன கூட்டம், யார் பேசினார், கேட்டவர்கள் என்ன முணுமுணுத்தார்கள் என்று தட்டச்சில் வரிசையாக ஓடுகிறது. முதல் அரைமணி நேரம் சினிமா மாதிரி இருக்கும், அப்புறம் கொஞ்சம் அலுப்பாகத்தான் இருக்கும், ஏனென்றால் சங்கக் கூட்டம் என்றால் எங்கேயும் பாதி நேரம் சந்தா பாக்கியும் அடுத்த கூட்டத்துக்கு எந்த இடம் என்பதும்தானே. நான் கொட்டாவி விட்ட இடத்தில்தான் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு தாளை விரலால் தொடாமல் மேலேயே காட்டி, "இவன் கூட்டத்துல கடைசி வரிசையில உட்கார்ந்திருக்கான் மாப்பிள்ளை. மேடையில பேசினதைவிட பக்கத்துல பேசினதுதான் ஜாஸ்தி எழுதியிருக்கான் பாருங்க" என்றார். நான் அப்படிப் பார்க்கவே இல்லை. அடுத்ததாகச் சொன்னதுதான் இந்தக் காகிதங்களைப் படிக்கப் போகிற எல்லோருக்கும் நான் சொல்ல நினைப்பது: "கூலி வாங்குற கருங்காலி ஒரு நாளாவது இன்னிக்கு ஒண்ணும் நடக்கலைன்னு எழுதுவானா? எழுதினா மறுநாள் வேலை போயிடும்ல."

அவ்வளவுதான் விஷயம். ஒற்றன் சொன்னது நடந்ததா என்பதைவிட, பெக் எதைக் கேட்கக் காசு கொடுத்தார் என்பதுதான் இதில் தெளிவாகத் தெரிகிறது. ஆனாலும் இவற்றைத் தூக்கிப் போடவும் முடியாது. மேடைப்பேச்சு அன்றைய சங்கப் பத்திரிகையான யூனியன் ரெக்கார்டில் அச்சாகியிருக்கும், கடைசி வரிசைப் பேச்சை வேறு யார் எழுதி வைத்தார்கள்? அறிக்கைகளோடு அன்றைய சங்கத் துண்டறிக்கைகளும் பிரசுரங்களும் சேர்ந்தே கிடக்கின்றன. தொழிலாளிகள் படித்துவிட்டுப் போட்டிருக்கக்கூடிய நோட்டீஸை எதிரி பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறார். 1920இல் சங்கங்கள் பான் மார்ஷே கடையையே புறக்கணிக்கச் சொல்லிக் கிளம்பின, ஆக அவ்வளவு வேவு பார்த்தும் அது நிற்கவில்லை. அன்றைக்கு இப்படி வேவு பார்ப்பது சட்டவிரோதமும் இல்லை. சங்கத்தில் சேரும் உரிமையைக் காப்பாற்றும் வாக்னர் சட்டம் 1935இல்தான் வந்தது.

மத்தியானம் வெளியே ஒரு கஃபேயில் சாப்பிட்டோம். பெயர் வேண்டாம். குளிர்ந்த சாண்ட்விச், சூடான பில்.

இப்போது படகுக்கு வருகிறேன், ஏனென்றால் இதே பெக் இந்தப் பல்கலைக்கழகத்தின் படகு அணியில் துடுப்புப் போட்டவர். அதுவும் 'ஸ்ட்ரோக்' இடத்தில், அதாவது பின்கோடியில் உட்கார்ந்து தாளத்தை நிர்ணயிக்கிற ஆள், மற்றவர்கள் எல்லாம் அவர் போடுகிற வேகத்துக்குத்தான் போட வேண்டும். பின்னாளில் படகு அணியைப் பார்த்துக்கொள்ளும் குழுவுக்குத் தலைவராகவும் இருந்தார், அவர் மகனும் 1930களில் இங்கே துடுப்புப் போட்டார். அப்பா வழியும் லேசுப்பட்டதில்லை: இன்றைய ராவென்னா பூங்காவில் இருந்த ராட்சத மரங்களுக்கு வேலி போட்டு, பார்க்க வருகிறவர்களிடம் 25 சென்ட் வாங்கியவர். மாமாவுக்கு இந்தத் தகவல்தான் ரொம்பப் பிடித்தது.

வளாகத்தின் நீர்க்கரையில் பழைய ஷெல் ஹவுஸ், அதாவது பந்தயப் படகுக் கொட்டகை, இருக்கிறது. 1918இல் கடற்படை விமானங்களுக்காகக் கட்டிய மரக்கொட்டகை. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் இத்தாலியை 0.6 நொடியில் முந்தித் தங்கம் வாங்கிய படகு அணி பயிற்சி எடுத்தது இங்கேதான், அணிக்குப் படகு கட்டிக் கொடுத்த ஜார்ஜ் போகாக் சிவப்பு சீடர் மரத்தில் படகு செய்ததும் இங்கேதான். உள்ளே பார்க்க ஏற்பாடு உண்டா என்று முன்னாலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். ஏழைப் பையன்கள் ஜெயித்த அந்தக் கதை எனக்கும் பிடிக்கும், கண் கலங்கியிருக்கிறேன். ஆனால் காலையில் அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டு மத்தியானம் இங்கே வந்தால் வேறு மாதிரி இருக்கிறது. கல்லூரிப் படகு என்றால் பையன்கள் மட்டும் இல்லை, கரையில் நின்று பணம் திரட்டுகிற, ஆள் பிடிக்கிற பெரிய மனிதர்களும்தான். வரிசை மாற்றிப் போகாதீர்கள், காகிதம் முதலில், கொட்டகை அப்புறம்.

பக்கத்திலேயே துடுப்புப் படகு வாடகைக்குத் தருகிறார்கள். எடுத்தோம். போகிற திசைக்கு முதுகு காட்டித்தான் உட்கார வேண்டும் என்று மாமாவுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. நாலு தள்ளு தள்ளியதும் நாணலுக்குள் சொருகிக்கொண்டது. "மாப்பிள்ளை, நீங்க பார்த்துச் சொல்லணும்ல" என்றார். நான் ஃபோனில் 106ஆம் எண் அறிக்கையைப் பெரிதாக்கிப் படித்துக்கொண்டிருந்தேன்.

வாசிப்பறைக்கு ஐந்துக்கு ஐந்து. படகுக்கு நாலு, குறைத்த ஒன்று எங்கள் மேல்தான். காரில் வராதீர்கள், ஸ்டேடியம் பக்கத்து ரயில் நிலையத்தில் இறங்கினால் கொட்டகை நடக்கிற தூரம், நூலகத்துக்கு மட்டும் கொஞ்சம் மேடேற வேண்டும்.