விதைப்பிலிருந்து தொடங்கும் நடன வகுப்பு

திருகோணமலையில் பிள்ளைகளுக்கு நடனம் பழக்க இடம் தேடுகிற பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். உப்புவெளிப் பக்கம் சனிக்கிழமை பின்னேரங்களில் நடக்கும் நவீன நடன வகுப்புக்கு என் மகளைப் போன பெரும்போகம் (மாரிகால நெல் வேளாண்மை) முழுக்க அனுப்பினேன். மாதக் காசு 2,500 ரூபாய். அதற்கு மேலேயே கிடைத்தது என்பேன்.

நான் தம்பலகாமத்தில் வயல்காரக் குடும்பத்தில் பிறந்தவள். பள்ளிக்கூட விழாக்களில் உழவர் நடனம் என்றாலே பிள்ளைகள் வரிசையாகக் குனிந்து நாற்று நடுவார்கள், அட்டையில் வெட்டிய அரிவாளால் கதிர் அறுப்பார்கள். எங்கள் பக்கம் நாற்று நடுவது குறைவு, வீசி விதைப்பதுதான் வழக்கம். சொந்த ஊர் வயலே மேடையில் இல்லாமல் போவது எனக்கு நெடுநாள் மனக்குறை.

இந்த வகுப்பு டீச்சர் பரதநாட்டியம் முறையாகப் படித்தவர். ஆனாலும் முத்திரையில் தொடங்கவில்லை. விதைப்பு நேரம் பிள்ளைகளை வான் வண்டியில் ஏற்றித் தம்பலகாமத்துக்குக் கூட்டிப்போய்ச் சேற்றில் இறக்கிவிட்டார். அங்கே ஒரு வயதான ஐயா விதைத்துக் காட்டினார். இடுப்பில் அணைத்த பெட்டியிலிருந்து ஒரு பிடி நெல், கால் முன்னே வைக்கும் அதே நேரத்தில் வீச்சு, கை விரியும்போது மணிக்கட்டில் சின்னதாய் ஒரு திருப்பம். அந்தத் திருப்பத்தில்தான் நெல் ஒரே சீராகப் பரவுகிறது. "மகள், கை தனியப் போகக்கூடாது, கால் வைக்கேக்கதான் வீசோணும்" என்று என் பிள்ளைக்குச் சொன்னார். அப்புறம் மண்டபத்தில் பல வாரம் இந்த ஒன்றையே பழகினார்கள். சேற்றிலிருந்து காலை இழுக்கும்போது குதி முதலில் எழும், விரல்கள் கடைசியில்தான் வரும். காய்ந்த சீமெந்துத் தரையில் அந்தப் பாரத்தைக் காட்டுவது லேசான வேலையில்லை.

தைவானின் கிளவுட் கேட் குழு 2013இல் ஆடிய நெல் பற்றிய நடனத்தையும் டீச்சர் கொஞ்சம் போட்டுக் காட்டினாராம். அதை அமைத்த லின் ஹுவாய்-மின் தன் ஆட்டக்காரர்களைச் சிஷாங் என்ற ஊருக்குக் கூட்டிப்போய் அறுவடையில் இறக்கியவர். இப்போது எங்கள் ஊரில் வெட்டெல்லாம் மெசின். அரிவாளும் சுளகும் பிடித்த கைகள் வயதானவர்களிடம்தான் மிச்சம். அவர்கள் இருக்கும்போதே பிள்ளைகள் கேட்டுப் பழகுவது எனக்குப் பெரிய விஷயம்.

அறுவடை முடிந்து வைத்த நிகழ்ச்சியில் கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் வயலுக்கு வரும் பகுதிதான் உச்சம். வரம்பு மாதிரி நெருக்கி நின்ற பிள்ளைகளில் ஒருத்தி குதியால் வக்கடையை, அதாவது வரம்பில் தண்ணீர் விடும் வாயைத் திறக்க, மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சரிந்து ஓடினார்கள். பக்கத்திலிருந்த என் அம்மா "தண்ணி வந்திட்டு" என்றார். அந்தக் குளத்தைக் கட்டியதாகக் கதை சொல்லும் குளக்கோட்டன் என்ற அரசன் மட்டும் மினுங்கும் கிரீடத்தோடு வந்து நெடுநேரம் நின்றது தேவையில்லை. ஒலிநாடாக் குரல் கதையைச் சொல்லச் சொல்ல ஆட்டம் படுத்துவிட்டது.

இன்னும் இரண்டு குறை. சீமெந்துத் தரையில் குதிப்பதால் பிள்ளைகளுக்கு முழங்கால் நோகிறது, தடித்த விரிப்பாவது போட வேண்டும். நிகழ்ச்சியில் அந்த ஐயா பாடிய கவியை ஸ்பீக்கர் இசை அமுக்கிவிட்டது. அவர் குரலுக்கு மேல் எதுவும் வேண்டாம் என்று டீச்சரிடமும் சொன்னேன்.

வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்கு ஆயத்தம் செய்ய நினைப்பவர்களுக்கு இந்த வகுப்பு சரிவராது, அதற்குத் தனியாக ஒரு டீச்சரைப் பாருங்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை, ஆண் பெண் யாரானாலும், கட்டாயம் அனுப்பலாம். சித்திரை வருடப்பிறப்பு கழிந்து சிறுபோகத்துக்குப் புதிதாகச் சேர்க்கிறார்கள். வயலுக்குப் போகும் நாளை முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள், மாற்று உடுப்பு கொடுத்து அனுப்புங்கள்.