ஏ.பி.எஸ். விளக்கு அணைந்துவிட்டதா? சாவியைப் போட்டு ஒருமுறை பாருங்கள்

திருநெல்வேலி பக்கம் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். பிரேக் வேலைக்கு வண்டியை விடும் யாரும் படிக்கலாம். ஏமாற்றுகிறவனுக்கு மாருதி என்ன, மெர்சிடிஸ் என்ன.

என்னுடையது 2001 மாடல் மெர்சிடிஸ் எஸ்.எல்.கே., இரண்டு சீட்டு வண்டி. ஐப்பசி மழையில் திசையன்விளை போய்த் திரும்பும்போது ஏ.பி.எஸ். விளக்கும் டிராக்‌ஷன் கண்ட்ரோலின் மஞ்சள் முக்கோணமும் சேர்ந்து எரிந்தன. அழுத்தி பிரேக் மிதிக்கும்போது சக்கரம் சுழலாமல் லாக் ஆகிவிடாதபடி தடுப்பது ஏ.பி.எஸ். பிடிமானமில்லாமல் சக்கரம் வீணாகச் சுழலாமல் பார்ப்பது மற்றது. இரண்டும் சேர்ந்து எரிந்ததில் அதிசயமில்லை. நாலு சக்கரத்திலும் இருக்கிற வேக சென்சார்களை நம்பித்தான் இரண்டும் ஓடுகின்றன. ஒரு சென்சார் கெட்டாலே இரண்டும் படுத்துவிடும். சாதாரண பிரேக் பிடிக்கும். ஆனால் ஈர ரோட்டில் அழுத்தி மிதித்தால் சக்கரம் லாக் ஆகும்.

பாளையங்கோட்டை பக்கம் பைபாஸில் ஒரு ஒர்க்‌ஷாப். பெயர் வேண்டாம். அங்கிருந்தவர் பானெட்டைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஏ.பி.எஸ். யூனிட்டு போயிட்டு அண்ணாச்சி. புதுசுன்னா ரெண்டு லட்சம் ஆவும். ரீகண்டிஷன் பண்ணது ஒண்ணு இருக்கு, 68,000-க்கு முடிச்சித் தாரேன்" என்றார். யூனிட் என்பது பிரேக் ஆயில் அழுத்தத்தை ஏற்றி இறக்கும் பம்பு, வால்வுப் பெட்டி. இந்த வண்டியின் கம்ப்யூட்டர் குறித்து வைக்கும் கோளாறு எண்ணை, அதாவது கோடை (code), படிக்க பானெட்டுக்குள்ளேயே 38 பின் வட்ட சாக்கெட் இருக்கிறது. அதன் மூடியைக்கூட அவர் தொடவில்லை. ஸ்கேன் ரிப்போர்ட் கேட்டதற்கு, "நமக்குச் சத்தமே போதும்" என்றார்.

வண்டி திரும்பி வந்தபோது விளக்கு இரண்டும் எரியவில்லை. யூனிட் கறுப்பு பெயின்ட்டில் பளபளத்தது. பில்லில் பிரேக் ஆயில் மாற்றியதாகத் தனியாக 4,500.

அப்புறம் ஒரு சாயங்காலம், நாங்குநேரி தாண்டி தூறலில் குறுக்கே ஆடு வந்தது. மிதித்தேன். ஏ.பி.எஸ். உயிரோடு இருந்தால் பெடல் காலுக்கடியில் படபடவென்று துடிக்க வேண்டும். துடிப்பே இல்லை, முன் சக்கரம் லாக் ஆகி வண்டி வழுக்கிக்கொண்டே போய் நின்றது. ஆடு தப்பித்தது.

நாகர்கோவிலில் ஜெர்மன் வண்டிகளோடே காலம் தள்ளிய ஒரு பெரியவரிடம் காட்டினேன். அவர் செய்த முதல் வேலை, சாவியைத் திருப்பி மீட்டரைப் பார்த்ததுதான். இன்ஜின் ஸ்டார்ட் ஆகும் முன் எச்சரிக்கை விளக்குகள் சில நொடி எரிய வேண்டும். என் மீட்டரில் பேட்டரி, ஏர்பேக் எல்லாம் எரிந்தன. ஏ.பி.எஸ்.ஸும் முக்கோணமும் மட்டும் இருட்டு. மீட்டரைக் கழற்றினால், அந்த இரண்டு இடத்துக்கும் பின்னால் கறுப்பு இன்சுலேஷன் டேப், கத்தரிக்கோலால் அளவாக வெட்டி ஒட்டியிருந்தது. வேலை சுத்தம், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்து யூனிட். அதில் வந்து சேரும் பிரேக் பைப் நட்டுகளின் மேலும் அதே பெயின்ட், ஒரே படலமாக, ஸ்பானர் பட்ட கீறல்கூட இல்லாமல். பைப்பைக் கழற்றாமல் யூனிட்டை மாற்ற வழியே கிடையாது. பழைய யூனிட்டுக்கே பெயின்ட் அடித்திருக்கிறார்கள்.

ஆயில் டப்பாவில் கடுங்காப்பி நிறத்தில் அதே பழைய ஆயில். எனக்கு யூனிட்டைவிட இதில்தான் கோபம். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். டாட் 4 என்ற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரம், 3.7 சதவீதம் தண்ணீர் ஏறிவிட்டால் அந்த அளவு 155 டிகிரிதான். காரையாறிலிருந்து பாபநாசத்துக்கு மலை இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் ஆயில் கொதித்து, ஆவிக் குமிழி நசுங்கிக் கொடுத்து, பெடல் தரை வரை இறங்கிவிடும்.

நிஜக் கோளாறு இடது முன் சக்கர சென்சார் வயரில் இருந்தது. ஸ்டியரிங் திருப்பும்போது மடங்கும் இடத்தில் உறை உரசித் தேய்ந்து, உள்ளே செம்பு பச்சை பூத்து அறுந்திருந்தது. சென்சார், கூலி, டாட் 4 எல்லாம் ஒன்பதாயிரத்துக்குள் முடிந்தது.

யாராவது யூனிட் போய்விட்டது என்றால், கோடு எண்ணோடு ரிப்போர்ட் வாங்குங்கள். யூனிட் மேல் உள்ள நம்பரை முன்பே போட்டோ எடுத்துவிட்டு, மாற்றியபின் பழையதைக் கையில் கேளுங்கள். நிஜமாகவே மாற்றினால், உள்ளே சிக்கும் காற்றை எடுக்கப் பல வண்டிகளில் ஸ்கேனரால் பம்பை ஓடவிட வேண்டும். பெடலை மிதித்தே எடுத்துவிட்டோம் என்றால் யோசியுங்கள்.

ஒர்க்‌ஷாப்புக்குப் போய்க் கேட்டேன். "விளக்கு எரியுதுன்னுதான வந்தீங்க, இப்ப எரியலையே?" என்றார், சிரிக்காமல். பில்லும் போட்டோக்களும் வைத்து நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன். பணம் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமலும் போடலாம், இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். விவரம் கேட்க தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

உங்கள் மீட்டரிலும் சந்தேகம் இருந்தால், கழற்றும்போதே வீடியோ எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் டேப்பை ஒட்டியது யார் என்று ஒர்க்‌ஷாப்காரன் உங்களையே கேட்பான்.