ஞாயிறு ரோஸ்ட்: கடலோரப் பப்பா, கார்வரியா?

அம்மா மூன்று மாதம் எங்களோடு லீட்ஸில் தங்க வந்திருந்தார். வந்த இரண்டாவது வாரமே, "இந்த ஊர்க்காரங்க ஞாயித்துக்கிழமை என்னதான் சாப்பிடுவாங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு இங்கிலாந்தில் ஒரே பதில்தான் உண்டு, ரோஸ்ட். ஆனால் எங்கே போய்ச் சாப்பிடுவது என்பதில் எனக்கும் மனைவிக்கும் ஒத்துப்போகவில்லை. வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் ஒரு கார்வரி, அதாவது வரிசையில் நின்று ரோஸ்ட் வாங்கும் உணவகம், இருக்கிறது. இரண்டு மணி நேரம் கார் ஓட்டினால் வடகடல் ஓரத்தில் ராபின் ஹூட்ஸ் பே என்ற சிற்றூரில் பழைய பப்புகள் இருக்கின்றன. அவ்வளவு தூரம் போகிறவர்கள் பக்கத்து விட்பியில் மீனும் சிப்ஸும் வாங்கித் தின்றுவிட்டு வந்தால் போதாதா என்பது மூன்றாவது கட்சி.

அந்த மூன்று மாதத்தில் மூன்றையும் பார்த்துவிட்டோம். பப்புக்கு மட்டும் இரண்டு முறை போனோம். என் ஓட்டு பப்புக்குத்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அதே பப்பில் முதல் முறை நாங்கள் சாப்பிட்டது சுமாரிலும் சுமார். இரண்டாம் முறை சாப்பிட்டதை அம்மா இன்னும் போனில் பேசுகிறார். சமையலறை மாறவில்லை, விலை மாறவில்லை. மாறியது நாங்கள் போய் உட்கார்ந்த நேரம் மட்டும்தான்.

தெரியாதவர்களுக்காக: ரோஸ்ட் என்றால் மாடு, பன்றி, ஆடு, கோழி இவற்றில் ஒன்றைப் பெரிய துண்டாக ஓவனில் வாட்டி, அறுத்துத் தட்டில் வைப்பது. கூடவே மொறுமொறுப்பான உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோஸ் மாதிரி இரண்டு மூன்று காய்கள், மேலே ஊற்றக் கிரேவி. மாட்டிறைச்சிக்கு ஹார்ஸ்ராடிஷ், அதாவது கடுகைப்போல் மூக்கில் ஏறும் ஒரு கிழங்கின் துவையல். பன்றிக்கு ஆப்பிள் சாஸ், ஆட்டுக்குப் புதினா சாஸ். அப்புறம் யார்க்‌ஷயர் புட்டிங். பெயரில் புட்டிங் இருந்தாலும் இது இனிப்பு இல்லை. மைதா, முட்டை, பால் கரைத்த மாவைப் புகை கிளம்பும் சூட்டில் இருக்கும் கொழுப்பில் ஊற்றி ஓவனில் வைத்தால் கிண்ணம்போல் உப்பி வரும். ஓரம் மொறுமொறுவென்றும் நடு மெத்தென்றும் இருப்பதால் ஆப்பம் தின்று வளர்ந்த நமக்கு உடனே பிடித்துப்போகும். நாங்கள் இருப்பதே யார்க்‌ஷயர் என்பதால் இங்கே இது மானப் பிரச்சினை.

கார்வரியைப் பற்றி நல்லதாகவே சொல்ல வேண்டும். தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றால் சமையல்காரர் நம் கண் முன்னே இறைச்சியை அறுத்து வைப்பார். காய்களையும் கிரேவியையும் நாமே வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளலாம். விலை பப்பில் கொடுத்ததில் மூன்றில் இரண்டு பங்குதான் வந்தது. குழந்தைகளுக்கு வசதி, கார் நிறுத்த இடம், படி ஏற வேண்டாம். மாட்டிறைச்சி சாப்பிடாத அம்மாவுக்கு எதை எடுப்பது, எதை விடுவது என்று பார்த்துப் பார்த்து எடுக்க முடிந்தது பெரிய நிம்மதி. குறை என்னவென்றால் காய்களும் கிழங்கும் தட்டுகளில் சூட்டு விளக்கின் கீழ் காத்திருக்கின்றன. கூட்டம் இருக்கும்வரை அது தெரியாது, தட்டு காலியாகக் காலியாகப் புதிதாக வந்துகொண்டே இருக்கும். அதனால் கார்வரிக்குப் போவதானால் கூட்டம் நெரிக்கும் ஒன்றரை மணிக்குப் போங்கள். கூட்டத்துக்குப் பயந்து நாலு மணிக்குப் போனால் நாலு மணிச் சாப்பாடுதான் கிடைக்கும்.

விட்பி மீனுக்கும் சிப்ஸுக்கும் அதிகம் எழுத ஒன்றுமில்லை. நன்றாக இருந்தது. துறைமுகச் சுவரில் உட்கார்ந்து தின்றோம், கடற்பறவைகள் கையிலிருந்தே பறிக்கப் பார்த்தன. ஒரே ஒரு எச்சரிக்கை. யார்க்‌ஷயரில் பல கடைகள் இன்னும் மாட்டுக்கொழுப்பில்தான் பொரிக்கின்றன, அதுதான் இந்த ஊர் ருசி. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள், "வெறும் சிப்ஸ்தானே" என்று வாங்கிவிடக் கூடாது. கேட்டால் சொல்வார்கள். எண்ணெயில் பொரிக்கும் கடையைத் தேடி நாங்கள் கொஞ்சம் நடந்தோம்.

இனி பப்.

ராபின் ஹூட்ஸ் பேயின் பழைய ஊர் ஒரு செங்குத்தான சரிவின் அடியில் கடலை ஒட்டி இருக்கிறது. வெளியூர்க் கார்களை மேலேயே நிறுத்திவிட்டு நடந்துதான் இறங்க வேண்டும். வீடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பதுபோல் இருக்கும், நடுவே ஓராள் போகிற சந்துகள். தெரு முடிகிற இடத்தில் படகு இறக்கும் சரிவு, அதற்கு அப்பால் கடல். நடைவழி நூல்கள் எழுதிய ஆல்ஃபிரட் வெயின்ரைட் 1973-இல் வெளியிட்ட நூலில் வகுத்த கடலிலிருந்து கடல்வரையான நடைபாதை இங்கேதான் முடிகிறது. மேற்குக் கரையில் செயின்ட் பீஸில் பூட்ஸை நனைத்துவிட்டுச் சுமார் 190 மைல் நடந்து வருகிறவர்கள், இந்தச் சரிவில் வந்து மறுபடி பூட்ஸை நனைக்கிறார்கள். நனைத்த காலோடு நேரே பப்புக்குள் நுழைகிறார்கள், யாரும் முகம் சுளிப்பதில்லை. சேறும் நாயும் ஈரச் சட்டையும் உள்ளே வரலாம் என்பதுதான் கடலோரப் பப்பின் முதல் மரியாதை. புடவையும் மேலே பெரிய கோட்டுமாக அம்மா நுழைந்தபோதும் அப்படித்தான், கணப்புக்குப் பக்கத்து நாற்காலியிலிருந்து ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார்.

முதல் முறை மார்ச் மாதம். காலையில் சாவகாசமாகக் கிளம்பி மூன்றே கால் மணிக்குப் போய் உட்கார்ந்தோம். சுவரிலிருந்த கரும்பலகையில் மாட்டிறைச்சியைக் கோடு போட்டு அடித்திருந்தார்கள், பன்றியும் இல்லை. கோழி மட்டும் இருந்தது. யார்க்‌ஷயர் புட்டிங் தோல் செருப்பு மாதிரி இழுத்தது, கிழங்கு மொறுமொறுப்பை விட்டிருந்தது. சரி, வெளியே போய்க் கடலையாவது பார்ப்போம் என்றால் அலை சரிவுவரை ஏறி அடித்துக்கொண்டிருந்தது. மணல் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. இருபது நிமிடம் சுவரோரம் நின்றுவிட்டுத் திரும்பினோம். இரண்டு மணி நேரம் போக, இரண்டு மணி நேரம் வர. மனைவி ஒன்றும் சொல்லவில்லை, அதுவே போதுமாக இருந்தது.

ஏன் இப்படி ஆனது என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். ரோஸ்ட் தட்டில் இருப்பவை எல்லாம் ஒரே மாதிரி காத்திருக்கக்கூடியவை அல்ல. இறைச்சி காத்திருக்கும். ஓவனிலிருந்து எடுத்த பெரிய துண்டை அரை மணி நேரம் சும்மா விட்டால்தான் சாறு உள்ளே தங்கும், உடனே அறுத்தால் சாறெல்லாம் பலகையில் ஓடிவிடும். கிழங்கு கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். யார்க்‌ஷயர் புட்டிங் நிமிடக் கணக்குத்தான். அதைத் தூக்கி நிறுத்துவது உள்ளே இருக்கும் நீராவி. ஓவனை விட்டு வெளியே வந்ததும் ஆவி அடங்கும், உயரம் இறங்கும், ஓரம் ஈரம் வாங்கி இழுபடும். நாலு அங்குல உயரமாவது இல்லாவிட்டால் அது யார்க்‌ஷயர் புட்டிங்கே இல்லை என்று 2008-இல் பிரிட்டனின் ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரியே அறிவித்தது. எங்களுக்கு மார்ச்சில் வந்தது அதில் பாதி இருந்திருக்கும்.

கடலோரப் பப்பின் சமையலறை சின்னது. பழைய மீனவர் கட்டடத்தில் ஒன்றோ இரண்டோ ஓவன். இறைச்சி காலையிலேயே வேகத் தொடங்கிவிடும், முதல் பந்திக்குத் தேவையான அளவு கிழங்கும் புட்டிங்கும் பதிவு செய்தவர்களை எண்ணி அப்போதைக்கப்போது செய்கிறார்கள். பரிமாறிய பெண்ணிடம் கேட்டதில் அவர் சொன்னது இது. நேரம் ஆக ஆக மிச்சத்தைச் சூடாக வைத்துக் கொடுப்பதாக ஆகிவிடுகிறது. கார்வரியில் கூட்ட நேரம் நல்ல நேரம் என்றேனே, பப்பில் அது நேர் எதிர். கதவு திறந்ததும் வரும் முதல் பந்திதான் நல்ல பந்தி. கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு இடம் பிடிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்த ஊர்ப் பெரியவர்கள் பன்னிரண்டு மணிக்கே வந்து உட்காருவதற்கு இன்னொரு பழைய காரணமும் உண்டு. 1995 வரை ஞாயிற்றுக்கிழமை மதியம் 3 மணிக்கு மது விற்பனையை நிறுத்திவிட்டுப் பப்புகள் இரவு 7 மணிக்குத்தான் மீண்டும் தொடங்க முடியும் என்று சட்டம் இருந்தது. சட்டம் போன பிறகும் பழக்கம் போகவில்லை.

முதல் கடிகாரம் சமையலறையுடையது என்றால், இரண்டாவது கடிகாரம் கடலுடையது. கடல் ஏறி வற்றும் நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். ஏழு நாளில் அது ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதாவது இந்த ஞாயிறு மதியம் மூன்று மணிக்குக் கடல் நன்றாக வற்றியிருந்தால், அடுத்த ஞாயிறு அதே மூன்று மணிக்கு நிறைந்திருக்கும். அதற்கடுத்த ஞாயிறு மறுபடி வற்றியிருக்கும். ஒன்று விட்டு ஒரு ஞாயிறுதான் நமக்கானது. எதையும் பார்க்காமல் போனதில் நிறைந்த கடல் வாய்த்துவிட்டது. இப்போது முதலில் விட்பியின் ஏற்ற வற்ற அட்டவணையைப் பார்த்து, இரண்டரையிலிருந்து மூன்றரைக்குள் கடல் முழுதாக வற்றும் ஞாயிற்றைக் குறித்துக்கொள்கிறேன். அந்த நாளுக்குப் பன்னிரண்டு மணி டேபிள் சொல்லிவைத்தால், சாப்பிட்டு எழும்போது கடல் இறங்கிக்கொண்டிருக்கும். ஒரு விஷயம் கவனம். சில அட்டவணைகள் கோடையிலும் கிரீன்விச் நேரத்திலேயே இருக்கும், ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் முறை மே மாதத்தில் அப்படித்தான் போனோம். மகளுக்குப் பன்றி. அதன் பொரிந்த தோல் உடைகிற சத்தம் பக்கத்து மேசைக்குக் கேட்டிருக்கும். எனக்கு மாட்டிறைச்சி. இங்கே நடுப்பகுதியை இளஞ்சிவப்பாகவே விடுவார்கள். நன்றாக வெந்தால்தான் இறங்கும் என்பவர்கள் ஓரத் துண்டைக் கேட்டு வாங்கலாம், முதல் பந்தியில்தான் அது மிச்சம் இருக்கும். அம்மாவுக்குக் கோழி. மேசையைப் பதிவு செய்யும்போதே போனில் கேட்டுவிட்டேன், கிழங்கு எந்தக் கொழுப்பில், கிரேவி எதில் என்று. கிழங்கு மாட்டுக்கொழுப்பில்தான். அம்மாவுக்கு மட்டும் எண்ணெயில் தனியாக வாட்டி, கோழி கிரேவியும் தனியாக வைத்தார்கள். பன்னிரண்டு மணிக்கு வருவதாலும் முன்கூட்டியே சொன்னதாலும் முடிகிறது, கூட்ட நேரத்தில் வந்து கேட்டிருந்தால் முடியாது என்றார் போனில் பேசியவர். கார்வரியில் பார்த்து எடுக்கலாம் என்றேன், ஆனால் பார்வைக்குக் கொழுப்பு தெரியாது. அங்கும் கேட்கத்தான் வேண்டும்.

சாப்பிட்டுவிட்டு இறங்கினால் கடல் எங்கோ போயிருந்தது. மார்ச்சில் அலை அடித்த இடத்தில் வளைவு வளைவாகக் கரும்பாறைத் திட்டுகள், நடுவே தண்ணீர்க் குட்டைகள். இது ஜுராசிக் காலப் பாறை. கல்லைப் புரட்டினால் சுருள் சுருளாக அம்மோனைட் என்ற பழங்காலக் கடலுயிரியின் புதைபடிவம் அகப்படும். மகள் இரண்டு துண்டு பொறுக்கினாள். அம்மா ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "சாளக்கிராமம் மாதிரி இருக்கே" என்றார். சாளக்கிராமத்தில் தெரியும் சக்கரமும் அம்மோனைட்தான் என்று நான் சொன்னதும் அதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். கடல் திரும்பி ஏறத் தொடங்கியதும் நாங்களும் திரும்பிவிட்டோம். இங்கே பாறைச் செங்குத்துக்கும் ஏறும் கடலுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு, அதில் விளையாட்டு வேண்டாம்.

பப்பின் குறைகளையும் சொல்கிறேன். தலைக்கு இருபது பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவாக ஆனது, பெட்ரோலும் பார்க்கிங்கும் தனி. ஒரே ஒரு தட்டு, மறு சோறு கிடையாது. பெரிய குறை அந்த ஏற்றம். உண்ட வயிற்றோடு மேலே ஏறுவது அம்மாவின் அறுபத்தெட்டு வயது முழங்காலுக்கு எளிதில்லை, நாங்கள் நாலு இடத்தில் நின்று ஏறினோம். சக்கர நாற்காலியில் வருபவர் இருந்தால் இந்த ஊரை நான் சொல்லவே மாட்டேன். சைவத் தட்டைப் பற்றியும் நான் உறுதியாகப் பேச முடியாது. மனைவி ஒரு முறை பருப்புக்கொட்டை ரோஸ்ட் வாங்கினார், காய்ந்திருந்தது என்றார். ஒரு தட்டை வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை.

குளிர்காலத்துக்கு மட்டும் என் பேச்சு செல்லாது. டிசம்பரில் அந்தக் கரையில் 3.40 மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், மூன்று மணிக்குக் கடல் வற்றினாலும் பாறையில் நடக்க அதிக நேரம் வெளிச்சம் இருக்காது. அந்த மாதங்களில் நானே கார்வரிக்குத்தான் போகிறேன், ஒன்றரை மணிக்கு. மார்ச் கடைசியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைத்த பிறகுதான் மறுபடி அட்டவணையை எடுப்பேன்.