அன்சா-பொரேகோ: பாம் கேன்யனா, பிளேர் பள்ளத்தாக்கா?

கலிஃபோர்னியாவின் மிகப் பெரிய மாநிலப் பூங்கா அன்சா-பொரேகோ. ஆறு லட்சம் ஏக்கருக்கும் மேல் பாலைவனம், சான் டியாகோவிலிருந்து சுமார் இரண்டு மணி நேர கார் பயணம். அங்கே டென்ட் அடிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் பாம் கேன்யன், பிளேர் பள்ளத்தாக்கு என்ற இரண்டு இடங்களுக்கு நடுவில்தான் அல்லாடுவார்கள்.

சின்னக் குழந்தைகள் கூட வந்தால் யோசிக்கவே வேண்டாம், பாம் கேன்யன்தான். கட்டணமும் முன்பதிவும் உண்டு. ஆனால் குழாயில் தண்ணீர் வரும், ஷவர் இருக்கும். போய்வர மூன்று மைல் நடந்தால் விசிறிப் பனைத் தோப்பு. 2020 ஜனவரியில் அந்தத் தோப்பு தீப்பிடித்துக் கருகியது, பிறகு பல மரங்கள் துளிர்த்துவிட்டன. வழியில் காட்டாடுகள் கண்ணில் படலாம். பாலைவனம் பூக்கும் மார்ச்சில் கூட்டம் தாங்காது.

பிளேர் பள்ளத்தாக்கில் காசும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டராவது காரில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். தரையில் நெருப்பு மூட்டக் கூடாது. இரும்புத் தொட்டிக்குள் மூட்டலாம், விறகு நீங்களே கொண்டுவந்ததாக இருக்க வேண்டும், சாம்பலையும் அள்ளிக்கொண்டு வந்துவிட வேண்டும். பாம் கேன்யனைவிட ஏறக்குறைய 500 மீட்டர் உயரம் என்பதால் பகல் வெயில் கொஞ்சம் தணிவு. அதே காரணத்தால் டிசம்பர் ராத்திரி நடுக்கிவிடும்.

இவ்வளவு சிரமத்துக்கும் நான் பிளேர் பக்கம்தான். குமேயாய் பழங்குடியினர் தானியம் இடித்த குழிகள் அங்கே பாறையில் அப்படியே இருக்கின்றன. குழிக்குள் கையை விட்டால் உள்பக்கம் வழுவழுவென்றிருக்கும். பக்கத்திலுள்ள கோஸ்ட் மலை மேல் எழுத்தாளர் மார்ஷல் சவுத்தின் குடும்பம் 1930-களில் கட்டிய மண் வீட்டின் சுவர்கள் நிற்கின்றன. ஒரு மைல் ஏற்றம்தான், ஆனால் நல்ல செங்குத்து. ஊற்று கிடையாது, மழைநீரைத் தொட்டியில் பிடித்து வைத்து மூன்று பிள்ளைகளையும் அங்கேயே வளர்த்தார்கள். ஒரு தண்ணீர் பாட்டிலோடு ஏறி மூச்சு வாங்கும்போது அது நம்பவே முடியாததாக இருக்கும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை இரண்டுமே வேண்டாம், வெயில் 40 டிகிரியைத் தாண்டும். மற்ற மாதங்களில் எங்கே போனாலும் பையில் ஒரு சீப்பு இருக்கட்டும். சோயா (cholla) என்ற முட்கள்ளி லேசாக உரசினாலே துண்டாகக் கழன்று காலில் ஒட்டிக்கொள்ளும். கையால் பிடுங்கினால் கையிலும் ஏறும். சீப்பை அடியில் கொடுத்து ஒரே நெம்பாக நெம்பிவிட வேண்டும்.